கைமாறும் நிலை: மீகடத்திச் சுற்றுகளின் வரலாற்றில் ஓர் அதிகாரம்

ஒருவர் தம்மிடமுள்ள செய்தியை மற்றொருவருக்கு வழங்குங்கால் அதனைத் தாம் இழப்பதில்லை. கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய தேற்றம், மாணவர் கொப்பிகளில் இறங்கிய பின்னரும் கரும்பலகையில் இருந்தவாறே இருக்கின்றது. ஏடு, அச்சு, தந்தி, வானொலி, இன்றைய கணினி ஆகிய யாவும் இவ்வியல்பின்மேல் எழுந்தவை. அனுப்புதல் என நாம் வழங்குவது உண்மையிற் படியெடுத்தலேயாகும். தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் பிற்காலத்திற் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்க முற்பட்டபோது, ஒரு நூலுக்குப் பல ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தார். ஓர் ஏட்டிற் சிதைந்த எழுத்து இன்னோர் ஏட்டிற் பிழைத்திருந்தமையாலன்றோ அது கைகூடிற்று?

இவ்வசதி முற்றாக மறுக்கப்பட்ட ஒரு துறையின் வரலாற்றை ஈண்டு கூற முற்படுகின்றேன். குவாண்டம் நிலை எனப்படுவதைப் படியெடுத்தல் இயலாது. அஃது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லவேண்டுமாயின், முன்னை இடத்தை விட்டு முழுவதும் நீங்கியே செல்லவேண்டும். வழியிற் கெடுமாயின் ஒப்புநோக்குதற்கு மூலம் எஞ்சாது. இத்தகைய நிலையொன்றை மீகடத்தி உலோகத்தாலாகிய ஒரு சுற்றிலிருந்து மற்றொரு சுற்றுக்குக் கைமாற்ற மனிதர் கற்றது மிக அண்மையிலேயாம். அதற்கு வேண்டிய பௌதிகமோ நூறாண்டுக்கு மேற்பட்டது.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையிற் பௌதிகத்தைத் தமிழிற் கற்பிக்கத் தொடங்கிய தலைமுறையினர் ‘குவாண்டம்’ என்பதனைச் ‘சத்திச்சொட்டு’ என ஆக்கினர். சத்தியானது தொடர்ச்சியாகவன்றிச் சொட்டுச் சொட்டாகவே பரிமாறப்படும் என 1900 ஆம் ஆண்டிற் பிளாங்க் கண்ட கருத்துக்கு அதனினும் பொருத்தமான சொல் வாய்ப்பது அரிது. ஆயினும் நாம் பேசப்போவது சொட்டைப் பற்றியன்று. சொட்டு உண்டு, சொட்டு இல்லை என்னும் இரண்டும் கலந்து நிற்கும் நிலையைப் பற்றியது. ஆதலின் ‘குவாண்டம்’ என்ற சொல்லையே இங்கு ஆளுகின்றேன்.

சாதாரணக் கணினியின் உறுப்பு 0, 1 என்னும் இரண்டில் ஒன்றாகவே நிற்கும். கியூபிட் எனப்படும் குவாண்டம் உறுப்போ இரண்டின் கலவையாகவும் நிற்கவல்லது. பூகோள உருண்டையொன்றை மனத்திற் கொள்க. வடமுனை 0, தென்முனை 1. கியூபிட்டின் நிலை அவ்வுருண்டையின் மேற்பரப்பிலுள்ள எப்புள்ளியாகவும் இருக்கலாம். அகலக்கோடு, 0 உம் 1 உம் எவ்வளவு கலந்துள்ளன என்பதைக் காட்டும். நெடுங்கோடு, அவற்றிடையேயுள்ள அவத்தை வேறுபாட்டைக் காட்டும். ஆனால் அளந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும் விடை வடமுனை அல்லது தென்முனை என்பது மட்டுமே. அளந்த கணத்திலேயே முன்னிருந்த புள்ளியும் அழிந்துபடும். எனவே, பார்த்து எழுதி அனுப்புதல் என்னும் வழி தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகின்றது.

பாராமலே படியெடுக்கும் பொறியொன்றைச் செய்தாலென்ன? இவ்வினாவுக்குரிய விடையை அறிவுலகு நன்கறியச் செய்தோர், 1982 ஆம் ஆண்டில் வூட்டர்ஸ், சூரெக் என்னும் இருவரும், அவரின் வேறாக டீக்ஸ் என்பாருமாவர். அந்நிறுவல் மேல்வகுப்பு மாணவர் எவரும் பின்பற்றத்தக்கது. பொறியானது 0 ஐப் பெற்றால் 00 எனவும், 1 ஐப் பெற்றால் 11 எனவும் தரவேண்டும். குவாண்டம் விதிகள் ஏகபரிமாணமானவை. ஆகவே 0 + 1 என்னும் கலவையைப் பெற்றால் அப்பொறி 00 + 11 என்பதையே தரும். உண்மையான படியோ 0 + 1 என்பதனை அதனாலேயே பெருக்கி வருவது; விரித்தெழுதின் 00 + 01 + 10 + 11. நடுவிலுள்ள இரண்டு உறுப்புகள் வரவில்லை. எனவே அத்தகைய பொறி இல்லை. எட்டாம் வகுப்பு அட்சரகணிதத்தின் அளவே ஆகிய இந்நியாயம், குவாண்டம் பொறிமுறை தோன்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பலர் கருத்திற்படாது கிடந்தமை வியப்பே.

இனி, இந்நிலையைத் தாங்கும் பாத்திரத்தைப் பற்றிக் கூறவேண்டும். ஒல்லாந்தின் லைடன் நகரிற் கமர்லிங் ஒன்னெஸ் 1908 ஆம் ஆண்டில் ஈலியத்தைத் திரவமாக்கினார். 1911 ஆம் ஆண்டில், 4.2 கெல்வின் அளவுக்குக் குளிரூட்டிய இரசத்தின் மின்தடை திடீரென மறைந்துபோதலைக் கண்டார். திரவ ஈலியம் இன்றி இத்துறையில் ஓரடியும் வைத்தல் அக்காலத்தில் இயலாமையால், கீழைநாடுகள் நெடுங்காலம் வாயிலுக்கு வெளியே நின்றன. வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரையிலும் சென்னையிலும் கற்று, 1928 இல் இராமன் விளைவைக் காண்பதில் இராமனுக்குத் துணைநின்ற கே. எஸ். கிருஷ்ணன் அவர்கள், புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளராய் அமர்ந்து, 1950களின் முற்பகுதியில் அங்கே ஈலியம் திரவமாக்கும் வசதியை அமைப்பித்தார். கேம்பிறிட்ஜைச் சேர்ந்த ஷோன்பெர்க் யுனெஸ்கோ ஆலோசகராக வந்து அப்பகுதி உருவாக உதவினார். கிருஷ்ணன் அவர்களை இராமன் விளைவோடு மட்டும் சேர்த்து நினைப்பதே நம்மவர் வழக்கம். தென்னாசியாவிற் குளிர்ப் பௌதிகத்துக்கு அவர் இட்ட வித்து அரிதாகவே பேசப்படுகின்றது.

தடை ஏன் மறைகின்றது என்பதனைப் பார்டீன், கூப்பர், சிரீஃபர் என்னும் மூவர் 1957 இல் விளக்கினர். தாழ்ந்த வெப்பநிலையில் இலத்திரன்கள் இணையிணையாகச் சேர்ந்து, எண்ணிறந்த இணைகளும் ஒரே அலையாக ஒரே அவத்தையில் இயங்குகின்றன என்பது அவர்தம் கொள்கை. 1962 ஆம் ஆண்டில், கேம்பிறிட்ஜில் ஆராய்ச்சி மாணவராயிருந்த 22 வயதினராகிய பிரயன் ஜோசப்சன், அங்கு வந்திருந்த அன்டர்சனின் விரிவுரைகளைக் கேட்டு அக்கொள்கையை ஒருபடி மேலே கொண்டுசென்றார். இரு மீகடத்திகளிடையே மெல்லிய காவலிப் படலமொன்றை வைத்தால், அழுத்த வேறுபாடு யாதுமின்றியே, அவத்தை வேறுபாடு ஒன்றினாலேயே, இணைகள் படலத்தினூடு பாயும் எனக் கணித்தார். பார்டீன் அதனை அச்சிலேயே மறுத்தார். நோபெற் பரிசு பெற்றவரும், மீகடத்துதிறன் கொள்கையை ஆக்கியோருள் ஒருவருமான பேராசான் மறுத்தும் மாணவர் தம் கணிப்பிலிருந்து பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே அன்டர்சனும் ரோவலும் பெல் ஆய்வுகூடத்தில் அம்மின்னோட்டத்தை அளந்து காட்டினர். நம் மாணவர் சங்கங்களில் வாசிக்கத்தக்க கதை இது.

ஜோசப்சன் சந்தியுடைய சுற்றின் சிறப்பு யாதெனில், அதன் சத்தி மட்டங்கள் ஏணிப்படிபோற் சம இடைவெளியில் அமையாமை. அதனால் அடிமட்டம் இரண்டையும் 0, 1 எனத் தனித்து ஆளமுடிகின்றது. ஆனால் கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்த ஓர் உலோகத் துண்டு, தனியணுவைப்போலக் குவாண்டம் விதிக்கு அடங்குமோ? இவ்வினாவை 1980 அளவில் லெகற் வலியுறுத்தி எழுப்பினார். பெர்க்கிலியில் கிளார்க், டெவொரே, மார்ட்டினிஸ் ஆகிய மூவரும் 1984, 1985 ஆம் ஆண்டுகளிற் செய்த பரிசோதனைகள் ‘அடங்கும்’ எனக் காட்டின. நாற்பது ஆண்டுகள் கழிந்து, 2025 ஆம் ஆண்டுப் பௌதிக நோபெற் பரிசு அம்மூவருக்கும் கிடைத்தது. இடையில், 1999 இல், யப்பானின் சுக்குபா நகரில் நாகமுராவும் அவர் குழுவினரும் அத்தகைய சுற்றொன்றை 0, 1 என்பவற்றின் கலவையாகச் சில நனோசெக்கன் நிறுத்திக் காட்டினர். மீகடத்திக் கியூபிட் பிறந்தது.

பாத்திரம் கிடைத்துவிட்டது. ஒன்றிலுள்ளதை மற்றொன்றுக்குப் பாராமல் மாற்றுவது எங்ஙனம்? இழுத்துக் கட்டிய நூலொன்றிலிருந்து சம நீளமுள்ள இரு ஊசல்களைத் தொங்கவிட்டு, ஒன்றை ஆட்டிவிடுக. ஆட்டம் சிறிது சிறிதாக மற்றையதற்குச் சென்று, முதலாவது முற்றாக ஓய்ந்து நிற்கும் கணமொன்று வரும். அக்கணத்தில் இரண்டையும் பிரித்துவிட்டால் ஆட்டம் கைமாறிவிட்டது, பிந்தினால் திரும்பிவிடும். 2007 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள தேசிய நியம நிறுவனத்தில் சில்லன்பா, பார்க், சிம்மொண்ட்ஸ் ஆகியோர் செய்தது இதுவே. இரு கியூபிட்களுக்கு நடுவே பரிவுறும் மீகடத்திக் கம்பியொன்றை வைத்தனர். முதற் கியூபிட்டின் மீடிறனைக் கம்பியின் மீடிறனுக்கு ஒத்துவரச் செய்து, நிலை முழுவதும் கம்பிக்குள் இறங்கிய கணத்தில் விலக்கினர்; பின்னர் இரண்டாங் கியூபிட்டை ஒத்துவரச் செய்து அதனைப் பெற்றுக்கொண்டனர். கம்பியில் இருந்த வேளையில் அந்நிலை, ஒரு நுண்ணலைப் போட்டன் உண்டு, இல்லை என்பவற்றின் கலவையாக இருந்தது. முடிவில் முதற் கியூபிட் வெறும் 0 ஆக நின்றது; 1982 ஆம் ஆண்டின் தேற்றத்துக்கு ஊறு இல்லை. யேல் பல்கலைக்கழகத்தினர் அதே ஆண்டில், கம்பிக்குள் உண்மையாகப் போட்டன் இறங்காமலே அதன் வாயிலாக இரு கியூபிட்களை இணைத்தனர். கம்பியின் இழப்பு நிலையைத் தீண்டாதிருத்தல் இம்முறையின் பயன்.

இவை ஒரே சில்லின் மேல் நிகழ்ந்தவை. இரு சில்லுகளிடையே, நீண்ட கம்பியூடாக, ஓடும் போட்டனின் மேலேற்றி நிலையை அனுப்புவதே பெரிய சோதனை. இதன் இடர்ப்பாட்டை நம் தோட்டங்களிற் கண்டிருக்கின்றோம். துலாவால் இறைத்த காலத்தில், கிணற்றடியில் எவ்வளவு இறைத்தாலும், வாய்க்காற் கோடியில் நின்று தண்ணீர் மாறுபவர் உரிய நேரத்தில் வரம்பை வெட்டித் திறவாவிடில் நீர் முட்டித் திரும்பும். வழியிற் செம்மண் குடித்ததோ மீளாது. முட்டித் திரும்புதல் ஒன்று, வழியில் உறிஞ்சப்படுதல் ஒன்று. இவ்விரண்டில் முன்னையதே நெடுங்காலம் கருதப்படாதிருந்தது. அனுப்புநர் மீதே அறிஞர் கருத்தெல்லாம் நின்றது.

தானே ஒளிவிடும் அணுவொன்று வெளியிடும் போட்டனின் அலைவடிவம், திடீரென எழுந்து பின் மெல்ல மெல்லத் தேய்வது. அவ்வணுவைப் போன்றதேயான இன்னோர் அணு, அவ்வலை வந்து சேரும்போது அதனை முழுவதும் உட்கொள்ளாது, பெரும்பகுதியை எறிந்துவிடும். இதனைக் கணித்துப் பார்த்தால் உட்கொள்ளப்படும் அளவு நூற்றுக்கு 54 ஐ மேற்படாது. காரணம் எளிது. பெறுதல் என்பது விடுதலைப் பின்னோக்கி ஓட்டியது. படச்சுருளைத் திருப்பி ஓட்டினால், மெல்ல மெல்ல வளர்ந்து திடீரென முடியும் அலையொன்று அணுவினுட் புகுவதைக் காண்போம். பெறுநர் விரும்பும் அலை அது. அனுப்புநர் விடுவதோ அதன் மறுதலை. 1997 ஆம் ஆண்டில் சிராக், சோலர், கிம்பிள், மபூச்சி ஆகிய நால்வர் இதற்கு வழி கூறினர். முன்னும் பின்னும் ஒத்த வடிவமுள்ள அலையொன்றை அனுப்புநர் விடட்டும். அதனைத் திருப்பி ஓட்டினாலும் வடிவம் மாறாது. ஆகவே அனுப்புநர் செய்த செயலையே காலவொழுங்கை மாற்றிப் பெறுநர் செய்தால், போட்டன் எஞ்சாது உட்புகும். என் கருத்தில் இத்துறை வரலாற்றின் திருப்புமுனை இதுவே. இங்கேதான் பெறுதலும் கொடுத்தலுக்கு நிகரான ஒரு வினையாயிற்று.

ஒளியணுக்களுக்காகக் கூறப்பட்ட அவ்வழி, மீகடத்திச் சுற்றுகளில் 2018 ஆம் ஆண்டிலேயே முழுமையாகக் கைவந்தது. யேல் குழுவினரும், சூரிச்சில் வால்ராஃப் தலைமையிலான குழுவினரும் அவ்வாண்டில் வெற்றி கண்டனர். சூரிச்சுப் பரிசோதனையிற் பெறும் கியூபிட் போட்டனை நூற்றுக்கு 98.1 என்ற அளவில் உட்கொண்டது. முன்சொன்ன 54 உடன் இதனை ஒப்பிடுக. முழுச் செயலும் 180 நனோசெக்கனில் முடிந்தது. எனினும் கைமாற்றத்தின் மெய்ம்மை நூற்றுக்கு 80.02 ஆகவே நின்றது. முட்டித் திரும்புதல் ஏறக்குறையத் தீர்ந்தது. வழியில் உறிஞ்சப்படுதலும் கியூபிட்களின் குறுகிய ஆயுளும் தீரவில்லை.

நீளத்தைக் கூட்டுவதற்கு இன்னொரு தடை வெப்பம். 5 கிகாகேட்சு மீடிறனுள்ள நுண்ணலைப் போட்டனொன்றின் சத்தி 0.24 கெல்வின் வெப்பநிலைக்கு நிகர். அறை வெப்பநிலையிலுள்ள கம்பியில் அதே மீடிறனில் ஏறத்தாழ 1250 வெப்பப் போட்டன்கள் எப்பொழுதும் ஆரவாரித்துக்கொண்டிருக்கும். அவற்றிடையே ஒற்றைப் போட்டனின் மெல்லிய செய்தி கேளாது. எனவே கியூபிட்களை மட்டுமன்றிக் கம்பியையும் முழு நீளத்துக்கும் கெல்வினின் நூற்றிலொரு பங்களவுகளுக்குக் குளிரூட்டவேண்டும். சூரிச்சுக் குழுவினர் 2020 இல் இரு குளிரூட்டிகளை 5 மீற்றர்க் குளிர்க் குழாயால் இணைத்தனர். 2023 இல் அதனை 30 மீற்றருக்கு நீட்டினர். ஒளி 30 மீற்றரைக் கடக்க 100 நனோசெக்கன் செல்லும். அதற்குட் கியூபிட்களை அளந்து முடித்தமையால், ஒன்று மற்றொன்றுக்கு இரகசியமாக யாதும் சொல்லியிருத்தல் இயலாது என்ற உறுதியோடு பெல் சமனிலியைச் சோதிக்க முடிந்தது. 2 ஐ மேற்படலாகாத எண் 2.0747 ஆக வந்தது. ஐன்ஸ்டைன் ஐயுற்ற தொலைத்தொடர்பு இச்சுற்றுகளிலும் மெய்யாயிற்று.

மெய்ம்மை நூற்றுக்கு 80 என்பது பரீட்சைக்கு விசேட சித்தி. கணினிக்கு அது போதாது. பத்து முறை தொடர்ந்து கைமாறினால் ஏறக்குறைய நூற்றுக்கு 11 எஞ்சும். சிக்காகோக் குழுவினர் 2021 இல் 1 மீற்றர் மீகடத்திக் கம்பியை நடு ஊசல்போலப் பயன்படுத்தி 91.1 ஐ எட்டினர். பத்து முறைக்குப்பின் 39. சீனாவின் சென்சென் நகரத்தார் 2023 இல் தூய அலுமினியக் கம்பியை ஆண்டு, இழப்புக்கு இடமான இணைப்பிகளை நீக்கி, 99 வரை உயர்த்தினர். அதுவும் நூறு முறைக்குப்பின் 37 ஆகிவிடும். ஆகவே மெய்ம்மையைக் கூட்டுதலோடு, கைமாறும் தடவைகளைக் குறைத்தலும் வேண்டும்.

இங்கே மும்பை வருகின்றது. சில்லொன்றிற் கியூபிட்களைச் சதுரக் கட்டங்களாக அடுக்கினால், ஒவ்வொன்றும் தன் அயலிலுள்ள நான்கோடு மட்டுமே பேசும். தொலைவிலுள்ள ஒன்றைச் சேர, நிலையானது கைக்குக் கை மாறிச் செல்லவேண்டும். ஒவ்வொரு மாற்றமும் பொதுவாக இரு கியூபிட்களைப் பிணைக்கும் செயல்கள் மூன்றைக் கேட்கும். இந்தியரான சௌகதோ போஸ் 2003 இல் இதற்கொரு மாற்று வழியை ஆராய்ந்தார். சங்கிலியாகக் கோத்த உறுப்புகளைத் தீண்டாது விட்டுவிட்டால், நிலை தானே அலையாகச் சென்று மறுமுனையில் ஓரளவு வந்துசேரும். கண்ணிகளின் வலிமையை நடுவில் மிகுத்து ஓரங்களிற் குறைத்து உரியவாறு அமைத்தால் முழுவதும் சேரும் என்று கிறிஸ்டாண்டல், நீலாஞ்சனா தத்தா முதலியோர் 2004 இற் காட்டினர்.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழி வேறு. அங்கு மீகடத்திச் சுற்று ஆய்வை நடத்துபவர் இராஜமணி விஜயராகவன். நோபெற் பரிசு பெற்ற அந்த டெவொரேயிடம் யேலிற் கற்றவர். பின் பெர்க்கிலியில் சித்திக்கியின் கூடத்தில், கியூபிட் ஒரு மட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவுதலை நேரே கண்ட 2011 ஆம் ஆண்டுப் பரிசோதனையில் முன்னின்றவர். மும்பையில் அவர் குழுவினர் 2021 இல் வெளியிட்ட அமைப்பில், பரிவுறும் கம்பி நேர்கோடன்று, வளையம். கியூபிட்கள் அதன் சுற்றில் ஒத்த இடைவெளியில் அமர்கின்றன. எவ்விரண்டை எடுத்தாலும் அவற்றிடையே இரு வில்கள் உள. அவ்விரு வழிகளிலும் செல்லும் தொடர்புகளின் கூட்டே இணைப்பின் வலிமை. 12 கியூபிட்களை ஏற்கும் வளையத்தில் ஒவ்வொன்றும் வேறு 9 உடன் நேரே இணையக்கூடும். சதுரக் கட்டத்தின் நான்கோடு இதனை ஒப்பிட்டால், எத்தனை கைமாற்றங்கள் மிச்சமாகின்றன என்பது விளங்கும். மிகுந்த செலவில் நுண்மையைக் கூட்டாமல், கம்பியின் வடிவத்தை மாற்றியே இதனைச் செய்தனர் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

2024 ஆம் ஆண்டு ஆகத்தில், இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் புனே ஆய்வுகூடமும் மும்பை நிறுவனமும் சேர்ந்து, அவ்வளைய அமைப்பின் அடிப்படையிலான 6 கியூபிட் செயலியொன்றின் முழுச் சோதனையை முடித்தன. கொலாபா வளாகத்தில் நடந்த அப்பணியிற் கியூபிட்களை வடிவமைத்து ஆக்கியவர்கள் மும்பையினர். அவற்றை ஆளும் மின்னணுச் சாதனங்களைப் புனேயினர் சேர்த்தனர். அதற்கு முந்திய ஆண்டில் இந்திய அரசு, 6003.65 கோடி உரூபாய் செலவில், எட்டாண்டுக்குள் 50 முதல் 1000 வரையான கியூபிட்களையுடைய கணினிகளை நோக்கமாகக் கொண்ட தேசியத் திட்டமொன்றை ஏற்றிருந்தது. பன்னிரண்டு இருக்கைகளுள்ள வளையமொன்றில் 1000 கியூபிட்கள் அமரா. வளையத்திலிருந்து வளையத்துக்கு, சில்லிலிருந்து சில்லுக்கு நிலையைக் கடத்தவேண்டியே வரும். அங்கே மீண்டும் குளிர்ந்த கம்பியும், முன்னும் பின்னும் ஒத்த அலையும், மறுகரையில் உரிய கணத்தில் வரம்பைத் திறக்கும் பெறுநரும் வேண்டப்படுவர்.